செம்புக் காசில் இளவரசர் முகம்

யவனர் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலே உண்டு. அதை வகுப்பிலே படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: பொன்னைப் பாடப் புலவர் இருந்தார், செம்பைப் பாட யார் இருந்தார்? இலங்கை மண்ணிலே மிகுதியாகக் கிடைத்த உரோமக் காசுகள் பொற்காசுகள் அல்ல. சங்க காலத்துக்குப் பிந்திய, கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சின்னஞ்சிறு செம்புக் கலப்புச் சல்லிகளே அவை.

அக்காலத்து உரோமச் சல்லிகளில் பேரரசன் முகம் மட்டுமல்ல, அவன் பிள்ளைகளின் முகமும் உண்டு. கொன்ஸ்தந்தீன் பேரரசன் 317இல் தன் மைந்தர் கிறிஸ்பசுக்கும் இரண்டாம் கொன்ஸ்தந்தீனுக்கும் ‘சீசர்’ என்னும் இளவரசுப் பட்டம் கட்டினான். இளையவன் அப்போது கைக்குழந்தை. ஆனாலும் அவன் பெயரிலும் காசு அடிக்கப்பட்டது. வானொலியும் பத்திரிகையும் இல்லாத காலம். “எனக்குப் பின் இவர்கள்” என்று ஊரூராகச் சொல்ல, சந்தைக்குப் போகும் காசைவிடச் சிறந்த தூதுவன் ஏது?

மூத்தவனான கிறிஸ்பஸ் 324இல் கடற்போரிலே வென்று தந்தைக்குப் பெருமை சேர்த்தான். 326இல் அந்தத் தந்தையின் ஆணையாலேயே கொல்லப்பட்டான். கல்வெட்டுகளிலிருந்து அவன் பெயரைச் செதுக்கி அகற்றினார்கள். காசை என்ன செய்வது? அது ஆயிரமாயிரம் கைகளுக்குப் போய்விட்டதே! அரசாணை கல்லை எட்டியது. ஏழையின் மடியை எட்டவில்லை.

பின்வந்த தியோடோசியசும் தன் மைந்தர் ஆர்க்காடியசை 383இலும், ஹொனோரியசை 393இலும், சிறுவராய் இருக்கும்போதே பேரரசராக்கினான். இவர்கள் காலத்துச் சல்லிகள் இலங்கையிலே ஏராளம். கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலே இத்தகைய காசுகள் பேசப்படுகின்றன. வந்தவை போதாமல், அவற்றைப் பார்த்து இங்கேயும் காசு செய்தார்கள். மாத்தறைக்கு அண்மையிலுள்ள நைமன என்னும் ஊரின் பெயரால் அவை வழங்குகின்றன. எழுத்து இருக்க வேண்டிய இடத்திலே பலவற்றில் வெறுங் கோடுகள்! முகம் யாருடையது என்று கேட்க எவருக்கும் நேரமில்லை; சந்தையிலே செல்லுமா என்பதே கேள்வி.

1978இன் சூறாவளி, நெடிய போர், 2004இன் ஆழிப்பேரலை என்று ஏடும் எழுத்தும் அழிந்த கரை நம்முடையது. ஆகவே பாசிக்குடா மணலிலோ வாழைச்சேனை வயலிலோ களிம்பேறிய காசொன்று கண்ணிற் பட்டால், புளிபோட்டுத் துலக்காதீர்கள். பழைய பித்தளை வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுக்காதீர்கள். கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காசு பேச வேண்டுமானால், அது கிடந்த மண்ணும் சாட்சிக்கு வர வேண்டும்.