ஈயம் உருகும் சூடு: அச்செழுத்துகளின் கதை

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள பனமலையில், குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. அவன் காலத்தில் கல்லில் வெட்டிய கிரந்த எழுத்துகள் சுமார் 1300 வருடம் கழித்தும் அங்கே நிற்கின்றன. ஆனால் தாத்தா காலத்துப் புத்தகங்களை அச்சடித்த ஈய எழுத்துகள் எங்கே? பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. உருக்குவதற்காகவே பிறந்த எழுத்துகள் அவை.

கொல்லம் முதல் பொறையார் வரை

1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. பிறகு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. சீகன்பால்கு அவற்றைக் கொண்டு அச்சடிக்கத் தொடங்கினார். எழுத்தோ மிகப் பெரியது, காகிதமோ தட்டுப்பாடு. அதனால் பக்கத்திலேயே பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. பின்னாளில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர்.ஹன்ட் இன்னும் சிறிய, அழகான எழுத்துகளைக் கொண்டுவந்தார். வின்சுலோ அகராதி 1862-ல் அங்கேதான் வெளிவந்தது.

எழுத்து சிறியதாக ஆக, உலோகத்தின் சூடு சரியாக இருப்பது முக்கியமாகிறது. ஒரு சின்னப் புள்ளி நிரம்பாமல் போனாலும் "க்" என்பது "க" ஆகிவிடும்!

எவ்வளவு சூடு?

சுத்தமான ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அது மெத்து உலோகம், ஆறும்போது சுருங்கும். அதனால் ஆன்டிமணியும் வெள்ளீயமும் சேர்ப்பார்கள். ஆன்டிமணி கடினம் தரும், சுருக்கத்தைக் குறைக்கும். வெள்ளீயம் நன்றாக ஓடவைக்கும். 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமணி, 4 பங்கு வெள்ளீயம் என்ற கலவை சுமார் 240 டிகிரியிலேயே உருகிவிடும்.

சூடு குறைந்தால் அச்சின் மூலை நிரம்பாது, எழுத்து மொட்டையாக வரும். சூடு கூடினால் மேலே கசடு கட்டும். அந்தக் கசட்டோடு வெள்ளீயமும் ஆன்டிமணியும் போய்விடும். வணிகக் கணக்கில் பார்த்தால், விலை கூடிய சரக்குதான் முதலில் நஷ்டம்!

தெர்மாமீட்டர் இல்லாத நாளில் தொழிலாளிகள் ஒரு காகிதத் துண்டை உருகிய உலோகத்தில் விட்டுப் பார்ப்பார்கள். லேசாகப் பழுப்பேறினால் சூடு சரி. கருகினால் அல்லது பற்றிக்கொண்டால் அதிகம். நிறம் மாறாவிட்டால் இன்னும் காய வேண்டும்.

மின்சாரப் பானை

1886-ல் நியூயார்க்கில் லைனோடைப் இயந்திரம் வேலைக்கு வந்தது. ஒரு வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்த்துத் தள்ளும். ஆரம்பத்தில் அதன் பானைக்கு எரிவாயு அடுப்பு. பிறகு மின்சாரப் பானை வந்தது, கூடவே தெர்மோஸ்டாட்டும். குறித்த சூட்டைத் தாண்டினால் மின்சாரம் நிற்கும், குறைந்தால் மறுபடி ஓடும். லைனோடைப்புக்கு இந்தச் சூடு சுமார் 285 டிகிரி. உலோகம் வெளியே வரும் வாய்ப்பகுதி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் அதற்குத் தனி ஹீட்டர்.

கருவி இருந்தும் மனிதன் கவனிக்க வேண்டியவை இருந்தன. குளிர்ந்த ஈயக்கட்டியை மொத்தமாகப் போட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அதனால் கட்டியைக் கொக்கியில் தொங்கவிட்டு மெல்ல மெல்லக் கரைப்பார்கள். ஈரக் கட்டி விழுந்தாலோ, நீர் ஆவியாகி உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

சரியான சூட்டில் ஈயப்புகை மிகக் குறைவு. 500 டிகிரியைத் தாண்டினால்தான் அதிகமாகும். உண்மையான எதிரி, வழிக்கும்போது பறக்கும் கசட்டுத் தூளும், கழுவாத கையால் சாப்பிடும் சாப்பாடும்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலில் இருந்தது ஈய நஞ்சு. புத்தகம் படித்தவருக்கு அறிவு, வார்த்தவருக்கு வயிற்றுவலி என்பதுதான் பல இடங்களில் கணக்கு.

1980, 90-களில் ஆஃப்செட்டும் கணினியும் வந்தன. கேஸ் கேஸாக இருந்த எழுத்துகள் கிலோ கணக்கில் எடைக்குப் போயின. பனமலைக் கல்லெழுத்தைச் செதுக்கியவன் பெயர் தெரியாது. ஈய எழுத்தை வார்த்த பலரின் பெயரும் தெரியாது. கல்லெழுத்தாவது மிஞ்சியது. இவர்கள் வார்த்ததில் மிஞ்சியது, அவர்கள் சூடு பார்த்து வார்த்த எழுத்தில் அச்சான புத்தகங்கள் மட்டுமே.