தாளப்பாக்கம் குடும்பத்தாரின் செப்பேடுகள்

ஒரு குடும்பத்தின் எழுத்துகள் பல தலைமுறை கடந்து நிலைபெறுதல் அரிது. ஓலைகள் செல்லரித்துப் போகும்; பாகப்பிரிவினையின்போது சுவடிகள் சிதறும். இவ்விரு கேடுகளுக்கும் பெரிதும் தப்பியது திருமலையில் வாழ்ந்த தாளப்பாக்கம் குடும்பத்தாரின் இலக்கியச் சேமம். அது எவ்வாறு தப்பியது, தப்பியது முழுமையானதா என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

அன்னமாசாரியர் (1408-1503) தெலுங்கிலும் வடமொழியிலும் 32,000 சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது அவர்தம் பேரர் சின்னன்னா இயற்றிய வரலாற்று நூலின் கூற்று. இன்று கிடைப்பவை 12,000-க்குச் சற்று மேற்பட்டவை. அவற்றைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தவர் மகன் பெரிய திருமலையாசாரியர். தந்தை பாடத் தொடங்கியது சக ஆண்டு 1346 குரோதி என்றும், மறைந்தது சக ஆண்டு 1424 துந்துபி என்றும் ஏட்டிலேயே குறிப்புள்ளது. மகனுடைய பாடல்களும் பேரனுடைய பாடல்களும் இவ்வாறே செப்பேடு ஏறின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இவ்வேடுகள் கோயிலினுள் சங்கீர்த்தன பண்டாரம் எனப்பட்ட கல்லறையில் வைக்கப்பட்டன. வீட்டுப் பரணில் இருந்திருப்பின் இவற்றின் கதி வேறாகியிருக்கும்; செம்பை உருக்கிப் பாத்திரமாக்குவது எளிதன்றோ!

தமிழ் ஆய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாடலைத் தெலுங்கில் செம்பில் பொறித்த இதே குடும்பம், கோயிலுக்கு அளித்த கொடைகளைப் பெரும்பாலும் தமிழில் கல்லில் பதிவு செய்தது. திருமலைக் கல்வெட்டுகளிற் பெரும்பான்மை தமிழே. ஆகவே இக்குடும்ப வரலாற்றை ஒரு மொழி மட்டும் அறிந்தவர் பாதியே அறிவார். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை திருப்பதி வட ஆர்க்காட்டில் இருந்தது என்பதும், 2022-இல் தனி மாவட்டத் தலைநகராயிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

ஏடுகள் காணாமற் போகவில்லை; கண்டும் மதிக்கப்படவில்லை. 1816-இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட காம்ப்பெல், திருப்பதிச் செப்பேடுகளில் பழைய இலக்கண நூலொன்று உள்ளதெனக் கேள்வியுற்றுப் படியெடுப்பித்தார். துதிப்பாடல்களே கிடைத்தமையால் ஏமாற்றமுற்று விடுத்தார். தாம் தேடிய மொழிச் சான்று, பேச்சு வழக்குச் சொற்கள் மலிந்த அப்பாடல்களிலேயே இருந்ததை அவர் உணரவில்லை. நம் துறையினர்க்கு இது அயலான பிழையன்று. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோர் முயற்சியால் ஏடுகள் 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் வெளிச்சம் பெற்றன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலியோர் பதிப்பித்தனர்.

செம்பு ஏறாதது எஞ்சவில்லை. அன்னமாசாரியர் வடமொழியில் இயற்றிய சங்கீர்த்தன இலக்கணம் மறைந்தது. பேரர் சின்ன திருமலையாசாரியர் செய்த தெலுங்கு ஆக்கத்தாலேயே அதனை அறிகிறோம். பாடல்களின் தலைப்பில் இராகப் பெயர் உண்டு. தாளக் குறிப்பு இல்லை. மெட்டு வாய்வழியே சென்றதாதலின் வாய்களோடு மறைந்தது. இன்று கச்சேரிகளில் நாம் கேட்கும் மெட்டுகளிற் பல இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய 20-ஆம் நூற்றாண்டினர் அமைத்தவையாம்.