டோக்கியோவில் இரண்டு ஓட்டங்கள்

1988 மே மாதம், டோக்கியோ. ஒரு சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு முந்தைய பயிற்சி நேரம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பிறந்த ஜூலிஸ்ஸா கோமெஸ் வால்ட் குதிரையை நோக்கி ஓடினாள். வயது 15. அவள் செய்யவிருந்தது யுர்ச்சென்கோ வகைத் தாவல். ஓடிவந்து, கையூன்றிக் கரணம் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டியபடி ஸ்பிரிங் பலகையில் இறங்கி, அங்கிருந்து பின்பக்கமாகப் பாய வேண்டும். பாயும் கணத்தில் எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஜூலிஸ்ஸாவின் கால் பலகையில் வழுக்கியது. தலை குதிரையில் மோதியது. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. 1991 ஆகஸ்டில் ஹூஸ்டனில் அவள் இறந்தபோது 18 வயதுதான் ஆகியிருந்தது.

அந்தத் தாவல் அவளுக்குச் சரியாகக் கைவரவில்லை என்பது கூடப் பயிற்சி செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் உயர்ந்த மதிப்பெண் வேண்டுமென்றால் அதைச் செய்தாக வேண்டும். பலகையைச் சுற்றிப் போடும் பாதுகாப்பு மெத்தை அந்த விபத்துக்குப் பிறகுதான் கட்டாயமானது.

2021 ஜூலை 27. அதே டோக்கியோ, ஒலிம்பிக் குழுப் போட்டியின் இறுதிச்சுற்று. டெக்சாஸில் வளர்ந்த சிமோன் பைல்ஸ் வால்ட் மேசையை நோக்கி ஓடினார். அவரும் செய்யவிருந்தது யுர்ச்சென்கோ குடும்பத்தைச் சேர்ந்த தாவல்தான். காற்றில் இரண்டரைச் சுழற்சி போட்டிருக்க வேண்டும். ஒன்றரையோடு உடல் நின்றுவிட்டது. தடுமாறி, ஏறக்குறைய மண்டியிட்டபடி தரையிறங்கினார். மதிப்பெண் 13.766. பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் பேசினார், சற்று நேரம் அரங்கைவிட்டு வெளியே போனார், திரும்பி வந்து தோழிகளைக் கட்டிக்கொண்டார். மீதிச் சுற்றுகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அவருடைய இடத்தில் ஜோர்டன் சைல்ஸும் சுனி லீயும் இறங்கினார்கள். அமெரிக்கா வெள்ளி வாங்கியது. பைல்ஸ் உயிரோடு, முழு உடலோடு வீடு திரும்பினார்.

கடைசி வாக்கியத்தை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை. காற்றில் இருக்கும்போது தரை எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்ற உணர்வு மூளையிலிருந்து அறுந்துபோகும் நிலையை ஜிம்னாஸ்ட்கள் ‘ட்விஸ்டீஸ்’ என்கிறார்கள். அன்று பைல்ஸுக்கு நேர்ந்தது அதுதான். ஓட்டப் பந்தயக்காரருக்கு மனம் குழம்பினால் பந்தயம் போகும். ஜிம்னாஸ்ட்டுக்குக் குழம்பினால் கழுத்து போகும். மனப் பாதுகாப்பு வேறு, உடல் பாதுகாப்பு வேறு என்று பிரிக்கவே முடியாத விளையாட்டு இது. அன்று தொலைக்காட்சி விவாதங்களில் பைல்ஸைச் சுயநலக்காரி என்றும் பாதியில் ஓடியவர் என்றும் பேசியவர்கள் எலேனா முகினாவின் கதையைப் படித்திருக்க வேண்டும்.

முகினா சோவியத் யூனியனின் நட்சத்திரம். 1978இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒட்டுமொத்தப் பிரிவில் உலகச் சாம்பியன். அடுத்த ஆண்டு கால் முறிந்தது. எலும்பு முழுதாகக் கூடுமுன்பே மறுபடி பயிற்சிக்கு இறக்கினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் சொந்த நாட்டில் நடக்கிறது, விட முடியுமா? தாமஸ் சால்ட்டோ என்ற, ஆண்கள் செய்துவந்த ஆபத்தான கரணத்தை அவருக்குப் பழக்கினார்கள். சுழற்சி ஒரு நூலிழை குறைந்தாலும் தாடையோ தலையோ தரையில் குத்தும். இதைச் செய்தால் என் கழுத்து முறியும் என்று பயிற்சியாளரிடம் சொன்னதாக முகினா பின்னாளில் கூறினார். ஒலிம்பிக் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், 1980 ஜூலை 3 அன்று மின்ஸ்கில், அப்படியே நடந்தது. அதன்பின் 26 ஆண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்து 2006 டிசம்பரில் மறைந்தார். அந்தக் கரணம் பிறகு பெண்கள் போட்டியில் தடை செய்யப்பட்டது.

முகினா பயந்தார், பயத்தைச் சொல்லவும் செய்தார். நிறுத்தும் முடிவுதான் அவர் கையில் இல்லை. இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். பதக்கப் பட்டியலைவிட, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே உண்மையான வரலாறு.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த அதிகாரம் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக்கிடம் இல்லை. முதல் தாவலில் கணுக்கால் பிசகியது. தங்கம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் பயிற்சியாளர் பேலா கரோலி, முடியும் என்று ஊக்கப்படுத்தி இரண்டாவது தாவலுக்கு அனுப்பினார். 18 வயது ஸ்ட்ரக் தாவி, தரையிறங்கி, ஒற்றைக் காலில் நின்று, பிறகு சுருண்டு விழுந்தார். 9.712. கரோலி அவரைத் தூக்கி வந்த காட்சியை அமெரிக்கா கொண்டாடித் தீர்த்தது. ஆட்டம் முடிந்து கூட்டிப் பார்த்தால் அந்தத் தாவல் இல்லாமலே தங்கம் அமெரிக்காவுக்குத்தான். ஸ்ட்ரக்கால் தனிநபர் இறுதிச் சுற்றுகளில் ஆட முடியவில்லை. வலியைத் தாங்குவதுதான் வீரம் என்று ஒரு தலைமுறைச் சிறுமிகள் அந்த வீடியோவைப் பார்த்து வளர்ந்தார்கள்.

டெக்சாஸில் ஹண்ட்ஸ்வில் அருகே காட்டுக்குள் இருந்த கரோலி பண்ணைதான் பிறகு தேசிய அணியின் பயிற்சி மையமானது. பெற்றோர் உள்ளே தங்க முடியாது. அணி மருத்துவர் லாரி நாசரின் பாலியல் கொடுமைகள் நடந்த இடங்களில் அதுவும் ஒன்று. 2018 ஜனவரியில் பைல்ஸ், தானும் பாதிக்கப்பட்டவள் என்றும், அதே பண்ணைக்குத் திரும்பப் போக வேண்டியிருப்பதை நினைத்தாலே நெஞ்சு உடைகிறது என்றும் எழுதினார். சில நாட்களில் அந்தப் பண்ணையுடனான உறவு முறிக்கப்பட்டது. டோக்கியோவில் ஒதுங்கியவர் இந்தச் சுமையோடுதான் அங்கே வந்திருந்தார். 2021 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து சாட்சியும் சொன்னார்.

ஒதுங்கியவர் ஒரேயடியாக ஒதுங்கவும் இல்லை. டோக்கியோவிலேயே ஆகஸ்ட் 3 அன்று பேலன்ஸ் பீமில் சுழற்சி இல்லாத எளிய முடிப்பைத் தேர்ந்தெடுத்து வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்து எழுதும் எனக்கு இது தொலைதூரக் கதை இல்லை. எங்கள் மிடில்செக்ஸ் கவுண்டியின் ஓல்ட் பிரிட்ஜ்தான் லாரி ஹெர்னாண்டஸின் ஊர். 2016 ரியோவில் 16 வயதில் குழுத் தங்கமும் பீமில் வெள்ளியும் வென்றவர். நியூ ஜெர்சியில் அவரை உருவாக்கிய பயிற்சியாளர், மாணவிகளை வார்த்தைகளாலும் மனரீதியாகவும் வதைத்ததற்காக 2020 ஏப்ரலில் எட்டு ஆண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் அது ஐந்தாகக் குறைந்தது. குற்றம் சாட்டியவர்களில் ஹெர்னாண்டஸும் ஒருவர்.

எங்கள் பள்ளிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2015இல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், பிள்ளைகள் மன அழுத்தத்தில் நொறுங்குகிறார்கள் என்று பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியின் இடைப்பருவ, இறுதித் தேர்வுகள் நீக்கப்பட்டன, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. தரம் குறைகிறது என்று எதிர்த்த பெற்றோரில் ஆசியக் குடும்பங்கள் பல. நம்மவர்களும் அதில் உண்டு. அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. படிப்பு ஒன்றை மட்டும் நம்பிக் கடல் கடந்து வந்தவர்கள் நாம். ஆனால் அந்த வாதத்தில் நான் கண்காணிப்பாளர் பக்கம்.

இந்தியாவின் திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ரியோவில் புரொடுனோவா என்ற ஆபத்தான தாவலைச் செய்து நான்காம் இடம் பிடித்தபோது, ‘மரண வால்ட்’ என்று பத்திரிகைகள் பெருமையோடு எழுதின. தீபாவின் திறமைக்குத் தலைவணங்குகிறேன். அந்தப் பெயரில் பெருமைப்பட எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மகளையோ மகனையோ ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் நீச்சலுக்கும் அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். 2018 பிப்ரவரியில் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, தேசிய விளையாட்டு அமைப்புகளின் கீழ் சிறுவர்களோடு பணிபுரியும் பெரியவர்கள், குழந்தை வதை நடப்பதாகச் சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தாக வேண்டும். ‘சேஃப்ஸ்போர்ட்’ மையத்தில் நீங்களும் நேரடியாகப் புகார் தரலாம். பெற்றோர் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். குழந்தை ‘இன்னைக்கு வேண்டாம்மா’ என்றால், கட்டிய பணத்தை நினைக்காமல் அன்று வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.