கண்காணிப்புக் கேமரா நிலைபொருள் இற்றைப்படுத்தல்

கண்காணிப்புக் கேமரா நிலைபொருள் இற்றைப்படுத்தல் என்பது, வலையமைப்பில் இணைந்த கேமராவை இயக்கும் உள்மென்பொருளின் புதிய பதிப்பை அதில் நிறுவுவதாகும். இவ்வுள்மென்பொருள் நிலைபொருள் அல்லது பெர்ம்வேர் எனப்படும். இத்தகைய கேமரா செயலியும் நினைவகமும் கொண்ட ஒரு சிறு கணினியே ஆகும். எனவே கணினிகளைப் போன்றே இதுவும் தாக்குதலுக்கு உள்ளாகக்கூடியது.

தேவை

2016 இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், 60க்கும் மேற்பட்ட இயல்புநிலைப் பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளைப் பயன்படுத்திக் கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று இக்கருவிகளின் வழியே டின் நிறுவனம் தாக்கப்பட்டதால் டுவிட்டர் முதலிய பல தளங்கள் முடங்கின. சில கருவிகளில் கடவுச்சொல் நிலைபொருளிலேயே பதிக்கப்பட்டிருந்தமையால் பயனர் அதனை மாற்ற இயலவில்லை. 2021 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2021-36260 என்னும் ஹிக்விஷன் கருவிகளின் வழு, கடவுச்சொல் இன்றியே நுழைய இடமளித்தது. இத்தகைய குறைகளை இற்றைப்படுத்தலே நீக்கும்.

கோப்பைக் கண்டறிதல்

கேமராவின் மாதிரி எண், வன்பொருள் பதிப்பு, தற்போதைய நிலைபொருள் பதிப்பு ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே தோற்றமுடைய கேமராக்களிலும் உட்சில்லு வேறுபடலாம். பொருந்தாத கோப்பு கருவியை முற்றிலும் செயலிழக்கச் செய்யலாம். கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். வேறு வணிகப்பெயரில் விற்கப்பட்ட கருவியாயின், அப்பெயருக்குரிய நிறுவனத்தை அணுகுவது பொருத்தமாகும். தயாரிப்பாளர் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு மதிப்பை வெளியிட்டிருந்தால், அதனைப் பதிவிறக்கிய கோப்பின் மதிப்புடன் ஒப்பிடலாம். கோப்பை வழங்கும் பிற தளம் தரும் மதிப்பு நம்பத்தக்கதன்று. கோப்பை மாற்றியவர் மதிப்பையும் மாற்றியிருக்கலாம்.

நிறுவுதல்

* வெளியீட்டுக் குறிப்பைப் படித்தல். சில கருவிகளில் இடைப்பட்ட பதிப்பை முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.
* அமைப்புகளைப் படியெடுத்து வைத்தல்.
* கம்பியில்லா இணைப்பைத் தவிர்த்துக் கம்பிவழி இணைத்தல்.
* மின்தடை நேராதவாறு தடையில்லா மின்வழங்கியைப் பயன்படுத்துதல்; பாதியில் மின்சாரம் நின்றால் நிலைபொருள் சிதையக்கூடும்.
* பல கேமராக்கள் இருப்பின் ஒன்றில் சோதித்த பின்னரே பிறவற்றில் நிறுவுதல்.
* முடிவில் பதிப்பெண், நேரம், பதிவு, கடவுச்சொல் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.

ஆதரவு முடிந்த கருவிகள்

தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திய கேமராவில் புதிதாக அறியப்படும் வழுக்கள் திருத்தப்படுவதில்லை. அதனை இணையத்திலிருந்து துண்டித்துத் தனி வலையமைப்பில் இயக்குதல் அல்லது மாற்றுதல் வேண்டும்.