தாயம் எத்தனை முறைக்கு ஒரு முறை விழும்?



வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துத் தாயம் உருட்டிய வீடுகள் நம் கோவைப் பக்கம் நிறைய. தாயம் விழாமல் காய் இறங்காது. மூன்று மட்டும் சலிக்கச் சலிக்க விழும். ஏன் என்று கேட்டால் அமுச்சிகள் "கைராசி" என்று முடித்துவிடுவார்கள்.

நிகழ்தகவு பாடம் வந்தால் வீட்டிலிருக்கும் பித்தளைத் தாயக்கட்டைகளைக் கொண்டுவரச் சொல்வேன், நினைவிருக்கிறதா? 160 முறை உருட்டி, விழுந்ததைக் கோடு போட்டு எண்ண வேண்டும். ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டு கட்டைக்கு 16 சேர்க்கை. அதில் மூன்று விழ 4 வழி, தாயத்துக்கு 2 வழிதான். ஆறுக்கும், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழி. ஆக, மூன்று ஏறக்குறைய 40, தாயம் 20, ஆறும் பன்னிரண்டும் பத்துப் பத்து வரவேண்டும்.

இந்தக் கணக்கு புத்தகத்துக்கு வந்தது பிந்தித்தான்; ஆட்டக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மூன்று பகடை உருட்டும்போது 9-க்கும் 10-க்கும் ஆறு ஆறு விதம்தானே, பிறகு ஏன் 10 கூடுதலாக விழுகிறது என்ற சந்தேகம் 1600-களின் தொடக்கத்தில் இத்தாலியில் கலிலியோவிடம் வந்தது. எந்தப் பகடையில் எந்த எண் என்பதையும் பிரித்து அவர் எண்ணினார்: 216-இல் 9-க்கு 25, 10-க்கு 27. இவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணில் பட எத்தனை ஆயிரம் முறை உருட்டியிருப்பார்கள்! பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்கு பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டது அதற்கும் பின்னால், 1654-இல்.

நம் பக்கம் இன்னும் பழைய கதை உண்டு. மகாபாரதத்தில் நளன் தேரோட்டிப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரம். (ஆனைமலைக் காட்டில் இருப்பதுதான், திரிபலாவில் சேரும் காய். வேதகாலத்தில் அதன் கொட்டைகளே சூதாட்டக் காய்கள்.) மன்னன் ருதுபர்ணன் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கிளைகளில் 2095 காய் என்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. சூதின் ரகசியம் அறிந்தவன், எண்ணிக்கையிலும் வல்லவன் என்று மன்னன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். சூதையும் எண்ணிக்கையையும் அந்தக் காலத்திலேயே சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொன்ன நானே ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் பேசிவிட்டேன். ஒரு பிள்ளையின் தாளில் பன்னிரண்டு பத்துக்கு மிக அதிகமாக இருந்தது. "உருட்டாமலே எழுதினாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் அழவில்லை. மறுநாள் அதே கட்டைகளைக் கொண்டுவந்து என் மேசை மேல் உருட்டினாள். பன்னிரண்டு. திரும்பவும் பன்னிரண்டு. கையில் வாங்கிப் பார்த்தேன். அவள் பாட்டி காலத்துக் கட்டை. ஒன்று தேய்ந்து லேசாக வளைந்திருந்தது, வெற்று முகம் மேலே வரும்படி. என் 16 சேர்க்கைக் கணக்கு தேயாத கட்டைக்கு மட்டுமே பொருந்தும். மன்னிப்புக் கேட்டேன், ஆனால் தனியாகக் கூப்பிட்டுத்தான். எல்லார் முன்னாலும் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன்.

கண்ணு, நீ இதைப் படித்தால், அந்தக் கட்டைகள் இன்னும் இருந்தால், 160 முறை உருட்டி எண்ணிக்கையைக் கீழே போடு.