ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை

எங்க ஊர் திருவேங்கடம். பேரிலேயே பெருமாள் இருக்கார். அதனாலோ என்னவோ, நெல்லைச் சீமையில் கிறிஸ்தவரானவர்கள் கதைன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஒரு வைணவர்தான், எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை.

1827-ல் பாளையங்கோட்டை பக்கம் கரையிருப்பில் பிறந்தவர். கம்பராமாயணம் கேட்டே வளர்ந்த பிள்ளை. 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்குத் தமிழ் வாத்தியாராகப் போறார். போனதும் மனசு மாறிடலை. அஞ்சு வருஷம் இழுத்தது. 1858-ல்தான் ஞானஸ்நானம், அதுவும் சொந்த ஊரில் இல்லை, மயிலாப்பூரில்.

மனைவி பிறகுதான் வந்து சேர்ந்தாங்க. எனக்கு உறுத்துறது அந்த இடைக்காலம்தான். இவர் அங்கே ஜெபம் பண்ண, அந்தம்மா இங்கே பெருமாளுக்கு விளக்கேத்தியிருப்பாங்க. பிள்ளைங்க கேட்டா என்ன பதில் சொல்லியிருப்பாங்க? 'அப்பா நம்ம சாமியை விட்டுட்டார்'னா?

1894-ல் வந்தது இரட்சணிய யாத்திரிகம். கதை ஜான் பனியனுடையது, பாட்டு கம்பர் வழி. பெருமாளிடம் பழகின பக்தி மொழியிலேயே இயேசுவைக் கூப்பிடுறார். (சும்மாவா 'கிறிஸ்தவக் கம்பர்'னாங்க!) இதைச் சமரசம்னு சொல்றவங்க உண்டு. என்னைக் கேட்டா, பழசு எதுவுமே மனசில் இல்லைன்னு நடிக்கிறதைவிட இது நேர்மை. ஹென்றி ஆல்பிரட்னு பேர் வச்ச பிறகும் கடைசி வரைக்கும் கிருஷ்ணனை விடலையே மனுஷன்!