வட்டு எந்த ஃபோல்டரில் திறக்கும்?

பென் டிரைவைச் செருகியதும் விண்டோஸ் அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிடும். லினக்ஸில் அந்த வழக்கம் இல்லை. எந்த வட்டானாலும் ஏதாவது ஒரு ஃபோல்டரில்தான் அது திறந்தாக வேண்டும். அந்த ஃபோல்டர் எது என்று முடிவு செய்வது யார் என்பதற்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ஒரு வட்டை ஃபோல்டரோடு இணைக்கும் மவுண்ட் கட்டளை அதிலேயே இருக்கிறது. இருவரும் 1974-ல் எழுதிய கட்டுரையில் தங்கள் பிடிபி-11/45 கணினியை விவரிக்கிறார்கள். அதில் நான்கு வட்டு இயக்கிகளில் 2.5 மெகாபைட் கொள்ளளவுள்ள வட்டுப் பேழைகளைக் கழற்றி மாட்டலாம். மாட்டிய பேழையின் கோப்புகள் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்பதைக் கட்டளை இடுபவரே சொல்வார். ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டின் கோப்புக்கு லிங்க் போட மட்டும் அனுமதி இல்லை. பேழையைக் கழற்றும்போது அந்த லிங்க்குகளைத் தேடி நீக்கும் கணக்குவழக்கே வேண்டாம் என்று வைத்த தடை அது.

1991-ல் பிறந்த லினக்ஸும் இதே முறையைப் பின்பற்றியது. மவுண்ட் செய்யும் அதிகாரம் நிர்வாகியான ரூட் பயனருக்கே இருந்ததால், ஒரு ஃப்ளாப்பியைத் திறக்கக்கூட அவருடைய கடவுச்சொல் தேவைப்பட்டது. எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும் ஒரு வரி இதற்கு வழிசெய்தது: ஃப்ளாப்பி இயக்கியின் பெயர், அது திறக்கும் ஃபோல்டர், கூடவே 'நோஆட்டோ', 'யூசர்' என்ற இரண்டு சொற்கள். கணினி தொடங்கும்போது வட்டைத் தேட வேண்டாம் என்பது முதல் சொல்லின் பொருள். சாதாரணப் பயனரும் மவுண்ட் செய்யலாம் என்கிறது இரண்டாவது. ஆனால் மவுண்ட் செய்தவரேதான் விடுவிக்கவும் வேண்டும். 'யூசர்ஸ்' என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் விடுவிக்கலாம்.

2004 திருப்புமுனையான ஆண்டு. ஃபோல்டர் அமைப்புக்கான பொதுத் தரம் அந்த ஜனவரியில் கழற்றி மாட்டும் வட்டுகளுக்கென 'மீடியா' என்ற தனி ஃபோல்டரைச் சேர்த்தது. 'எம்என்டி' ஃபோல்டர் நிர்வாகியின் தற்காலிக வேலைக்கானது. அதற்குள் ஃப்ளாப்பிக்கும் சிடிக்கும் துணை ஃபோல்டர்கள் புகுந்து குழப்பியதே காரணம். அதே காலத்தில் ஹால் போன்ற மென்பொருள்கள் செருகிய வட்டைத் தாமே கண்டுபிடித்துத் திறக்கத் தொடங்கின.

கடவுச்சொல் தொல்லை ஒழிந்தது பெரிய நிம்மதி. ஆனால் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டெஸ்க்டாப்பின் கைக்குப் போனது.

2012 வாக்கில் இதே வேலையைச் செய்யும் யூடிஸ்க்ஸ்2 வந்தபோது ஃபெடோரா லினக்ஸ் வட்டு திறக்கும் இடத்தை 'ரன்' ஃபோல்டருக்குள் பயனர் பெயரின் கீழ் மாற்றியது. உபுண்டு லினக்ஸ் 'மீடியா'விலேயே பயனருக்கொரு ஃபோல்டர் வைத்தது. வட்டின் பெயரிலேயே பழைய ஃபோல்டர் மிஞ்சியிருந்தால், வட்டு அந்தப் பெயருக்குப் பின்னால் 1 சேர்ந்த ஃபோல்டரில் திறக்கும். பேக்கப் நிரலோ பழைய முகவரிக்கே எழுத முயலும். கோப்புகள் வெளி வட்டுக்குப் போகாமல் கணினியின் உள்வட்டிலேயே குவியக்கூடும்.

எனவே பேக்கப் வட்டுக்காவது நிலையான ஃபோல்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள். பழைய எஃப்எஸ்டேப் இன்றும் அதற்கு உதவும். அங்கே எழுதிய இடத்தை யூடிஸ்க்ஸும் மதிக்கிறது. இயக்கியின் பெயர் செருகும் வரிசைக்கேற்ப மாறும் என்பதால், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி என்ற அடையாள எண்ணை எழுதுங்கள். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். 'நோஆட்டோ'வும் இல்லாமல் அதையும் விட்டுவிட்டால், வட்டு செருகாத நாளில் கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, டெஸ்க்டாப்புக்குப் போகாமல் அவசரநிலைத் திரையில் நின்றுவிடும்.